படம் காட்டுபவர்கள் காட்டாத பாதி

தமிழ்நாட்டில் சினிமா ஊர் ஊராகப் போகத் தொடங்கியதே இயேசுவின் கதையைச் சுமந்துகொண்டுதான். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றில் கூட்டம் சேர்த்தது கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொன்ன படம். வேலையை உதறிவிட்டு, கூடாரம் அடித்து, ஊர்களுக்கு அதை எடுத்துச் சென்றார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பம்பாயில் தாதாசாகேப் பால்கேயும் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த பிறகுதான் நம் கடவுள்களைத் திரையில் காட்ட ஆசைப்பட்டு, 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் வந்து நின்றார். இவ்வளவு பழைய உறவு. ஆனால் நூறு வருடத்துக்கு மேலாகியும் கிறிஸ்தவப் படம் என்றால் நம் மனதில் எழும் கதை ஒன்றுதான்: ஒரு பாவி, ஒரு சோதனை, ஒரு முழங்கால் ஜெபம், கண்ணீர், மனந்திரும்புதல், சாட்சி. குடிகாரர் குடியை விடுகிறார், பிரிந்த தம்பதி சேர்கிறார்கள், டாக்டர் கைவிட்ட நோயாளி எழுந்து நடக்கிறார். அந்தக் குடிகாரரின் தினக்கூலி எவ்வளவு, அவர் வீட்டு நிலம் யாரிடம் அடமானத்தில் இருக்கிறது, அந்த நோயாளிக்கு ஏன் முப்பது கிலோமீட்டருக்குள் ஆஸ்பத்திரி இல்லை என்ற கேள்விகள் திரைக்குள் வருவதே இல்லை.

வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தனிமனித விசுவாசத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளும் படம், தான் நம்பும் வேதத்தையும் தன் சொந்த வரலாற்றையும் பாதியில் வெட்டிவிடுகிறது. அந்த வரலாற்றைத் தேடி எங்கோ போக வேண்டியதில்லை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்துதான் அடிவாரமான காரவள்ளிக்கு வர வேண்டும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சாலை இல்லாத காலத்தில், டோலியிலும் குதிரையிலும் கால்நடையாகவும் இதே மலையேறிப் போனவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் எவிலின் பிராண்டும். லண்டனிலிருந்து வந்த இந்தத் தம்பதி 1913இல் மணமுடித்த கையோடு மேலே குடியேறினார்கள். அடுத்த வருடம் அங்கே பிறந்த மகன்தான், பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்து வாழவந்தியில் அடக்கமானார். எவிலின் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஓயவில்லை. மலை மலையாக அலைந்து 1974இல், தொண்ணூறு வயதைத் தாண்டி, கணவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

இந்தக் கதையை ஒரு வழக்கமான நற்செய்திப் படக்காரரிடம் கொடுத்தால் எதை உச்சக்காட்சி ஆக்குவார் என்று சொல்லிவிடலாம். கொள்ளைநோய் பரவிய காலத்தில், தங்களைக் கடுமையாக எதிர்த்துவந்த ஊர்ப் பூசாரி, சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை இவர்களிடமே ஒப்படைத்த சம்பவம். நெகிழ வைக்கும் காட்சிதான், உண்மையும்கூட. ஆனால் ஜெஸ்ஸி செய்த இன்னொரு காரியம் படத்தில் இடம்பெறாது என்று பந்தயம் கட்டலாம். அவர் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பினார். மலைக்காரர்களை நரம்புச் சிலந்தி படுத்தியெடுத்தது. படிக்கட்டுக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது, காலில் புண்ணுள்ளவரின் உடம்பிலிருந்து புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறது. அவை கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளுக்குள் ஏறுகின்றன. அந்தத் தண்ணீரைக் குடித்தவரின் காலில் ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துப் புழு தலைநீட்டுகிறது. அதைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். இன்றுவரை இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஜெஸ்ஸி குச்சியில் சுற்றி எத்தனையோ புழுக்களை எடுத்தவர்தான். ஆனால் ஊரைக் காப்பாற்றியது யாரும் கால்வைத்து இறங்க முடியாதபடி கிணற்றை மாற்றிய வேலை. பின்னாளில் இந்திய அரசும் அதே வழியில்தான் போனது: 1983-84இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, படிக்கட்டுக் கிணறுகளை மூடியும் மாற்றியும், தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக்கொடுத்தும், 1996இல் கடைசி நோயாளியைப் பார்த்து, 2000இல் நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. நம் கிறிஸ்தவப் படங்கள் புழு எடுக்கும் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப எடுக்கின்றன. கிணறு பக்கம் கேமரா போவதில்லை.

ஜெஸ்ஸியின் வேலைப்பட்டியலே அவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. பள்ளிக்கூடம், மருந்தகம், தச்சுப் பட்டறை, பயிர்ச் சோதனைகள் என்று போகிறது அது. இவற்றைப் ‘பக்கத் தொண்டு’ என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் அன்றாடத்தைக் கொஞ்சம் கவனித்தாலே, அங்கே தனியாள் துன்பம் என்று ஒன்றைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று புரியும். 1882இன் சென்னை வனச்சட்டம் வந்த நாளிலிருந்து, காலங்காலமாகப் புழங்கிய காட்டில் அவர்கள் அத்துமீறியவர்களானார்கள். 2006இன் வன உரிமைச் சட்டம் அந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் வழி பிறந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி ஏறியது; கையில் காசு வந்தது, விலை இறங்கினால் அதைத் தின்று பசியாற முடியாத நிலையும் கூடவே வந்தது. இதே மலையாளி மக்கள் வாழும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நடத்திய வன்கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த குற்றவாளிகள் அத்தனை பேருக்கும் தண்டனை விதித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு வருடம். இந்த மக்களுக்கு நடுவே திரை கட்டி, ‘உன் பாவத்தை அறிக்கையிடு’ என்று முடிகிற ஒரு படத்தைப் போட்டால், யார் பாவத்தை யார் அறிக்கையிடுவது என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

முதல் மறுப்பு சபைக்குள்ளிருந்தே வரும். ‘ஆத்தும ஆதாயம்தான் ஊழியம். நிலம், கூலி, சாதி எல்லாம் உலகப்பிரகாரமான காரியம். இதயம் மாறினால் சமுதாயம் தானே மாறும்.’ இதை இளக்காரமாகத் தள்ளிவிட முடியாது. எத்தனையோ குடும்பங்களைக் குடியிலிருந்து மீட்ட நம்பிக்கை இது. ஆனால் வேதமே இதற்கு ஒத்துழைக்கவில்லை. ஊர் ஊராகக் காட்டப்படும் ‘இயேசு’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1979இல் வெளிவந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுகிற படம். அது பின்பற்றுவது லூக்கா எழுதிய சுவிசேஷத்தை. நான்கு சுவிசேஷங்களில் ஏழைகளை அதிகம் பேசுவது லூக்கா: பலவான்களை ஆசனத்திலிருந்து இறக்குவதாக மரியாள் பாடுவதும், நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலையை இயேசு அறிவிப்பதும், ஐசுவரியவான் வாசலில் லாசரு கிடப்பதும் அங்கேதான். ஆனால் படம் முடியும்போது பார்வையாளருக்கு விடுக்கப்படும் அழைப்பு அவருடைய சொந்த இரட்சிப்புக்கான ஜெபத்தோடு குறுகிவிடுகிறது. சகேயுவின் கதைக்கும் இதே கதிதான். காட்டத்தி மரத்தில் ஏறிய குள்ள மனிதரை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட நடித்துக் காட்டுவார்கள். ஆனால் மரத்திலிருந்து இறங்கியவர், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பேன், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக அறிவிக்கப்படுகிறது. வரி வசூலிப்பவர் திருப்பிக் கொடுக்கிற கணக்கு இல்லாத மனந்திரும்புதல் லூக்காவின் கதையில் இல்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டமோ நிலப்பறிப்பு வழக்கேதான்: ராஜாவுக்குத் தோட்டத்தின் மேல் ஆசை, ராணியின் சதி, பொய்ச் சாட்சி, கல்லெறிந்து கொலை, தீர்க்கதரிசியின் நேருக்கு நேர் குற்றச்சாட்டு. இதைவிடக் கச்சிதமான திரைக்கதையை கோடம்பாக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது.

‘இதயம் மாறினால் ஊர் மாறும்’ என்ற வாதத்துக்குச் சோதனைக்களமாக ஓர் ஊரைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி. அங்குள்ள ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை, கென்ட்ரிக் சகோதரர்களைக் கொண்டு வரிசையாகப் படங்கள் எடுத்தது: 2006இல் ‘ஃபேஸிங் த ஜயன்ட்ஸ்’, 2008இல் ‘ஃபயர்ப்ரூஃப்’, 2011இல் ‘கரேஜியஸ்’. அதில் ‘ஃபயர்ப்ரூஃப்’ சுமார் ஐந்து லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு மூன்று கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மணமுறிவின் விளிம்பில் நிற்கும் தீயணைப்பு அதிகாரி ஒருவர் விசுவாசத்தால் தன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் கதை. குடும்பப் படமாக அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஆல்பனி யாருடைய ஊர்? 1961, 62இல் கறுப்பின மக்கள் நிறவெறிக்கு எதிராகக் கிளம்பி, மார்ட்டின் லூதர் கிங் கைதாகிச் சிறைக்குப் போன ‘ஆல்பனி இயக்க’த்தின் ஊர். அந்த இயக்கம் கூடியதும் பாடியதும் தேவாலயங்களில். அதாவது, அந்த ஊரின் மிகப்பெரிய கிறிஸ்தவக் கதை, அதே ஊரில் எடுக்கப்பட்டு உலகப் புகழ் பெற்ற கிறிஸ்தவப் படங்களின் கதையாகவில்லை. இது யாரோ திட்டமிட்டு மறைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ‘கிறிஸ்தவக் கதை’ என்றால் ஒரு வீட்டுக்குள் நடப்பது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், வீட்டுக்கு வெளியே தெருவில் நடந்தது கண்ணில் படாது.

இரண்டாவது மறுப்பு பயத்திலிருந்து வருகிறது, அந்தப் பயம் நியாயமானது. ‘பழங்குடி உரிமை, நிலம் என்று படம் எடுத்தால், மதமாற்றம் என்றும் தேசத்துரோகம் என்றும் பழி விழும். சும்மா இருக்கிற சபையை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.’ ஆனால் எது வம்பைக் கூட்டுகிறது என்று நிதானமாக யோசிக்க வேண்டும். சேவை செய்தார், பிறகு ஒரு ஆத்துமா மனந்திரும்பியது என்ற ஒரே அச்சில் வார்த்த கதைதான், சேவையே தூண்டில் என்ற சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. மத்தியப் பிரதேசத்து உதயநகரில் வேலைசெய்த கேரளத்துக் கன்னியர் ராணி மரியாவின் கதை வேறு மாதிரி. கந்துவட்டிக்காரர்களின் பிடியிலிருந்து பழங்குடி விவசாயிகளை மீட்க, அவர்களை ஒன்றுசேர்த்து வங்கிக்கடனும் அரசுத் திட்டமும் கிடைக்கச் செய்தார். 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி ஷைசன் பி. உசேஃப் இயக்கிய ‘த ஃபேஸ் ஆஃப் த ஃபேஸ்லெஸ்’ 2023இல் வெளியானது. கொலையாளியைக் குடும்பம் மன்னித்தது உண்மை. ஆனால் ஏன் கொன்றார்கள் என்ற கேள்விக்கு வட்டிக்கடையும் நிலமும் பதிலாக நிற்கும்போதுதான் அந்த மன்னிப்பின் எடை தெரிகிறது. அத்தோடு ஒப்பிட, ஒடிசாவில் 1999இல் இரு மகன்களோடு எரித்துக் கொல்லப்பட்ட கிரகாம் ஸ்டெயின்ஸைப் பற்றி 2019இல் வந்த ‘த லீஸ்ட் ஆஃப் தீஸ்’, ஒரு பத்திரிகையாளரின் மனமாற்றத்தையும் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் அம்மையாரின் மன்னிப்பையும் சுற்றியே சுழல்கிறது. அந்த மன்னிப்பு பெரிது. ஆனாலும் அந்த வெறுப்பு எப்படி வளர்க்கப்பட்டது என்று புரியவைக்கும் அளவுக்குப் படம் ஆழம் போகவில்லை என்பதே என் எண்ணம்.

நம் மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்த சேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் அவர்கள் நிலத்துக்காகவும் வாதாடினார். 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, நடுக்குவாத நோயோடு சிறையில் இருந்து, ஜாமீன் கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு அவர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. இவருடைய வாழ்க்கையிலிருந்து ‘தனிமனித விசுவாச’த்தை மட்டும் பிரித்து எடுக்க எந்த எடிட்டரால் முடியும்?

மூன்றாவது மறுப்பு கலை சார்ந்தது: நீதியைப் பேசும் படம் பிரசாரமாகிவிடும். ஆகலாம். பக்திப் படமும்தான் பிரசாரமாகிறது. சலிப்பூட்டுவதில் இரண்டுக்கும் சம உரிமை உண்டு. ஆனால் 1989இல் கத்தோலிக்கப் பாலிஸ்ட் குருக்களின் நிறுவனம் எடுத்த ‘ரொமேரோ’, எல் சால்வடோரில் 1980இல் பலிபீடத்தருகே சுடப்பட்ட பேராயரை முதலில் ஒரு பயந்த, புத்தகப் புழுவான மனிதராகக் காட்டுகிறது. அவர் மாறுகிறார், ஆனால் அவரை மாற்றுவது தனியறைத் தரிசனம் அல்ல, கொல்லப்பட்ட நண்பரின் உடல். அகமாற்றமும் ஊர் நீதியும் ஒரே கதைக்குள் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கும் என்பதற்கு அது போதுமான நிரூபணம். தமிழில் நம் இலக்கியமும் இசையும் இதை எப்போதோ செய்துவிட்டன. பாமாவின் ‘கருக்கு’ 1992இலேயே கன்னியர் மடத்துக்குள் இருந்த சாதியைச் சொன்னது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி, தலித் தெருவுக்குத் துணி வெளுத்துக்கொண்டே அந்தோணியாரிடம் முறையிடுகிறாள். பக்தியும் பட்டினியும் அவளிடம் தனித்தனியாக இல்லை. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்றழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, ஒரே உலையில் பொங்கி உண்ணும் சமத்துவத்தைப் பாடலாக்கினார். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யும் ‘ஜெய் பீம்’மும் மலை உழைப்பாளியையும் இருளரையும் மையத்தில் வைத்தபோது மக்கள் பார்த்தார்கள். கிறிஸ்தவப் பின்னணியை எடுத்துக்கொண்ட ‘கடல்’ போன்ற பெரிய படம்கூட மீனவக் கிராமத்தை இறுதியில் நல்லவனுக்கும் தீயவனுக்கும் இடையிலான ஆன்ம யுத்தத்தின் மேடையாகவே பயன்படுத்தியது.

இன்னொரு எச்சரிக்கை உண்டு, அதை நானே எழுப்ப வேண்டும். கொல்லிமலையைப் படமெடுக்கக் கிளம்புகிறவர், வெள்ளைக்காரத் துரை வந்து அறியாத மக்களைக் கரையேற்றினார் என்ற கதைக்குள் விழுந்துவிடலாம். அது நீதியைப் பேசும் படம் ஆகாது, பழைய சாட்சிப் படத்தின் விலையுயர்ந்த பதிப்பு. கிணற்றை மாற்றியபோது கல் சுமந்தவர்கள் யார், மருந்தகத்தில் கட்டுப் போட்டவர்கள் யார், எவிலினைக் குதிரையோடு ஊர் ஊராகக் கூட்டிப்போனவர்கள் யார் என்று பார்க்கிற கண் வேண்டும். வாச்சாத்தியில் வழக்கை முப்பது வருடம் இழுத்துச் சென்றது அந்தப் பெண்களின் விடாப்பிடியும், கூட நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும்தான். எந்தச் சபையும் முன்வரிசையில் இல்லை. அதையும் அந்தப் படம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மையில் மேலே சொன்ன மறுப்புகளைவிடக் கனமானது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: படத்துக்குப் பணம் போடும் சபையின் முன்வரிசையே கதைக்குள் வந்துவிடும். விழுப்புரம் பக்கத்து எறையூரில் 2008 மார்ச் 9 அன்று, தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மூண்ட கலவரம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து, இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் சாதி பிரித்த சுவர் எத்தனையோ வருடம் செய்தியானது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்று அரசை நோக்கிக் குரல் கொடுக்கும் திருச்சபை, தன் வளாகத்துக்குள் கேமராவைத் திருப்ப அனுமதிக்குமா? மலையாளிப் பழங்குடிகளுக்கு மதம் மாறினாலும் பழங்குடிச் சலுகை தொடர்கிறது. கீழே சமவெளியில் சேரிக் கிறிஸ்தவருக்கு அது இல்லை. இதைக் கேட்க மலைக்குப் போக வேண்டியதில்லை, காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டவும் வேண்டியதில்லை.

ஆகவே முதல் படத்துக்குக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான களம் தெற்கே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய தேவாலயம், கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரிந்த இரு கூடங்களோடு, வேளாளருக்கு ஒன்று, நாடார்களுக்கு ஒன்று என்று கட்டப்பட்டது. பீடம் மட்டும் பொது. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் நடுச்சுவரை இடித்தார். வேளாளக் கத்தோலிக்கர்கள் தங்கள் உரிமை பறிபோனதாக ஆயருக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இதைத் துப்புரவாக ஆய்ந்து எழுதியிருக்கிறார்; ஆவணம் தேடி அலைய வேண்டியதில்லை. பக்தி இருக்கிறது, பகை இருக்கிறது, நீதிமன்றக் காட்சி இருக்கிறது. செட் போடவும் பெரிய செலவில்லை: ஒரே பீடம், இரண்டு கூடம், அவற்றை வகிர்ந்து நிற்கும் சுவர் ஒன்று. தயாரிப்பாளர் கிடைப்பதுதான் பாடு.